இடது கையில் வைத்த குச்சி பற்றி ஷேரன் சொன்னது

பெயர் ஷேரன், தகப்பனார் பெயர் நாதன். வயது 31. ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் நான்காவது மாடியில் குடியிருக்கிறேன். தொழிற்சாலையில் வேலை. கணவர் பெஞ்சமின், ஏர்கோன் பழுது பார்ப்பவர். மகள் நிக்கோல், வயது நான்கு, இப்போது என் மடியில் இருக்கிறாள். நான் தமிழில் சொல்வதைப் போலீஸ் நிலையத்தில் சார்ஜன் தனலெட்சுமி எழுதிக்கொள்கிறார்.

சென்ற ஆண்டு என் இரண்டாவது பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. ரத்தம் நிற்காமல் நான் நினைவில்லாமல் கிடந்தேன். இன்னொரு பிள்ளை உண்டானால் தாய் பிழைப்பது சந்தேகம் என்று டாக்டர் என் கணவரை உட்கார வைத்துச் சொன்னார். அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகு, ஆண் பிள்ளை இல்லாமல் விடமாட்டேன் என்றார். நான் வாங்கி வைத்த கருத்தடை மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டினார். நான் வேண்டாம் என்று சொன்னபோதெல்லாம் அவர் கேட்கவில்லை. அதன் பிறகு நான் வேலை முடிந்து வரும் வழியில் ஒரு கிளினிக்குக்குப் போய், பிள்ளை உண்டாகாமல் இருக்க இடது மேல்கையில், தோலுக்கு அடியில், தீக்குச்சி அளவுள்ள ஒரு குச்சியை வைத்துக்கொண்டேன். தொட்டால்தான் தெரியும். அன்றிலிருந்து அந்தக் கை சுவர்ப் பக்கம் இருக்கும்படி படுத்துக்கொண்டேன். அவருக்குச் சொல்லவில்லை. சொல்லாதது தப்பு என்று நான் நினைக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சென்ற சனிக்கிழமை, நாத்தனார் கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்க, எங்களோடு இருக்கும் மாமியார் என்னை லிட்டில் இந்தியாவில் சவுந்தரம் அக்கா கடைக்குக் கூட்டிப் போனார். அக்கா கைக்கு அளவு எடுக்கும்போது டேப்பை நிறுத்திவிட்டு, "இங்க என்னமோ கட்டி மாதிரி ஓடுதே கண்ணு, டாக்டருகிட்ட காட்டினியா?" என்றார். நல்ல மனதோடுதான் கேட்டார். உடனே மாமியார் எழுந்து வந்து, விரலால் அந்த இடத்தை மேலும் கீழும் நீவிப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் அதைத் தன் மகனிடம் சொன்னார்.

அன்றிரவு கணவர் என்னைக் கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். அவர் அடிக்கவில்லை, கத்தவில்லை. "எனக்குத் தெரியாம என் வீட்டுக்குப் பூட்டு போட்டு வச்சிருக்க" என்று மட்டும் சொன்னார். அடித்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

இன்று காலை மாமியார் கோயிலுக்குப் போன பிறகு, கணவர் முன்கதவைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே விட்டார். பிள்ளைக்கு டிவியில் கார்ட்டூன் போட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தார். அதன் பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவி, சாப்பாட்டு மேசையில் துண்டு விரித்து, கட்டர் கத்தியை அடுப்பில் காட்டி எடுத்து வந்தார். என்னை மேசைப் பக்கம் உட்கார வைத்து, ஐஸ் கட்டியை என் இடது மேல்கையில் வைத்துத் தேய்த்தார். குச்சி இருக்கும் இடத்தைப் பேனாவால் கோடு போட்டார். "வீடியோ பாத்துட்டேன். சின்ன வேலைதான்லா, ஆடாம இரு" என்றார். நான் கும்பிட்டேன். அவர் என் மணிக்கட்டைத் தன் முழங்கையால் மேசையோடு அழுத்திக்கொண்டு அறுத்தார். நான் போட்ட சத்தத்தில் பிள்ளை ஓடி வந்துவிட்டாள். அவளை அறைக்குள் தள்ள அவர் எழுந்தபோது, நான் பிள்ளையைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு, கதவைத் திறந்து கீழ் மாடியிலிருக்கும் ரொஸ்னா வீட்டுக்கு ஓடினேன். ரொஸ்னா இரும்புக் கதவைப் பூட்டினார். கணவர் வெளியே நின்று மெதுவாக, "ஷேரன், வேலை பாதியிலே நிக்குது, வா" என்று கூப்பிட்டார். அவர் மேலே திரும்பிப் போன பிறகு ரொஸ்னாவின் தம்பி அக்மல் வந்து எங்களைக் காரில் மருத்துவமனைக்குக் கொண்டு போனார். தையல் போட்டார்கள். குச்சி இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அங்கிருந்து இங்கே வந்தேன்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒரு போலீஸ்காரர் கதவைத் திறந்து, "அக்கா, உங்க வீட்டுக்காரரு கீழ காத்துக்கிட்டிருக்காரு. சாப்பாடு வாங்கிட்டு வந்திருக்காரு. ரொம்ப அமைதியான மனுசன்லா" என்றார். என் கணவர் பாதியில் விட்ட வேலையை முடிக்காமல் போகிறவர் அல்ல.

மேலே உள்ளவை என் உடம்பில் நடந்தவை. கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. சார்ஜன் வாசித்துக் காட்டினார், சரியாக இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் நான் கீழே போகலாம் என்கிறார்கள். கீழே அவர் இருக்கிறார். வேறு வழியாக என்னையும் பிள்ளையையும் வெளியே கொண்டு போகும்வரை நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

பதிவு செய்தவர் குறிப்பு: பின்வாசலில் வாகனம் நிறுத்தப்பட்டு, புகார் கொடுத்தவர் பிள்ளையுடன் ஏறி, கதவு பூட்டப்பட்ட பிறகு வண்டிக்குள் கையொப்பம் பெறப்பட்டது.

(ஒப்பம்) ஷேரன்