இங்கே யாரும் கேட்க மாட்டார்கள்

மலேசியாவில், மலாக்கா சென்ட்ரல் பஸ் நிலையத்தில் இருந்து செங் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு இளைஞன் சத்தமில்லாமல் அழுதுகொண்டு வந்தான். தொழிற்சாலைச் சட்டை போட்டிருந்தான். அவன் பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க தமிழ்ப் பெண்மணி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவன் அவரிடம் சொன்னான்:

“எங்க ஊரு பஸ்ஸா இருந்தா இந்நேரம் பத்து பேரு கேட்டிருப்பாங்கக்கா, ஏன் அழுவுறேன்னு. கண்டக்டரு தண்ணி குடுத்திருப்பாரு. ஆம்பளப் புள்ள அழலாமான்னு யாராச்சும் திட்டியாவது இருப்பாங்க.”

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

“நீ எந்த ஊரு தம்பி?”

“புதுக்கோட்டைப் பக்கம். இங்க பேக்டரில வேலை.”

“இங்க அப்படியெல்லாம் கேக்க மாட்டாங்க லா தம்பி. கேட்டா முறைப்பாங்க. கண்டுக்காம இருக்கிறதுதான் மரியாதை.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “என்னாச்சுப்பா?” என்றார்.

“அப்பா தவறிட்டாரு. நான் போய்ச் சேர்ற வரைக்கும் வெச்சிருக்க முடியாதுன்னுட்டாங்க. மத்தியானம் எடுத்தாங்க. போன்ல பாத்துக்கிட்டே இருந்தேன், நடுவுல லைன் போயிருச்சு.”

அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். மழையில் பஸ் மெதுவாக ஊர்ந்தது.

“என் வீட்டுக்காரரு ஆஸ்பத்திரில செத்த அன்னிக்கு நானும் இப்படித்தான் தனியா பஸ்ல போனேன். யாரும் ஒண்ணும் கேக்கல.”

“கஷ்டமா இல்லையாக்கா?”

“பஸ்ல நிம்மதியாத்தான் இருந்துச்சு. வீட்டுக் கதவைத் திறந்தப்பதான் தெரிஞ்சது, அங்கயும் கேக்க ஆளில்லன்னு.”