போலாமா சார்?

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் முன்பக்கத்தைத் திறந்து இன்ஜினைப் பார்ப்பார்கள். டயரை ஓர் உதை உதைப்பார்கள். எனக்குத் தெரிந்து யாரும் கால்மிதியைத் தூக்கிப் பார்ப்பதில்லை. உங்கள் வண்டி ஆய்வாளர் தூக்கிப் பார்த்திருக்கிறார், கெட்டிக்காரர்தான். நீங்கள் கேட்பதும் அதைப் பற்றித்தான் என்பதால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். என்னிடம் மறைக்க ஒன்றுமில்லை.

நான் லிப்ட் பராமரிக்கிறவன். மேலே போவதும் கீழே வருவதும் மோட்டாரின் பாடு. நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வைப்பது எங்கள் பாடு. கயிறே அறுந்தாலும் பெட்டி விழாமல் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கிற ஓர் அமைப்பு அடியில் இருக்கும். ஏறி இறங்குகிறவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஒருவருக்குத் தெரியாமலே அவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் எனக்கு எப்போதும் ஒரு நிம்மதி உண்டு. இதைச் சொன்னால்தான் மற்றது உங்களுக்குப் புரியும்.

என் மனைவி ஆய்வகத்தில் இரத்தம் எடுப்பவள். ஊசி இறங்கியதே தெரியாது என்று பேர் வாங்கியவள். கல்யாணமானதிலிருந்து அவளைக் காலையில் கொண்டுபோய் விடுவதும் மாலையில் கூட்டி வருவதும் நான்தான். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து என் தோளில் கை வைத்துக்கொள்வாள். பள்ளம் வந்தால் அந்தப் பிடி இறுகும். சில நாள் வேண்டுமென்றே பள்ளத்தில் விட்டிருக்கிறேன். இதையெல்லாம் குற்றம் என்று யாரும் எழுத மாட்டார்கள்.

போன வருடம் அவளுக்கு வேறு வேலை வந்தது. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீட்டுக்கே போய் இரத்தம் எடுத்துவரும் வேலை. அதற்குக் கார் ஓட்டத் தெரிய வேண்டும். லைசென்ஸை எப்போதோ எடுத்துப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருந்தாள். "எத்தனை நாளைக்குத்தான் உங்களை அலைய விடறது?" என்றாள். எனக்காகச் சொல்வது போலத்தான் சொன்னாள். அவள் தங்கை ஒரு படி மேலே போய், "அக்காவுக்கு இறக்கை முளைச்சிருச்சு அத்தான், இனிமே உங்க தோளுக்கு லீவு" என்று கிண்டலடித்தாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

நாலைந்து வண்டிகள் பார்த்த பிறகு அவளே இதைத் தேர்ந்தெடுத்தாள். பின்கதவு மேலே தூக்கித் திறக்கிற சின்ன வண்டி. முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்தால் முழங்கை இடிக்கும். ஒரு டிரைவிங் ஸ்கூல் வாத்தியாருடையது. அவர் நோயில் படுத்து, வீட்டில் கட்டிலிலேயே இறந்திருக்கிறார். இதை நானே ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். கூரையில் ஸ்கூல் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் மட்டும் பெயின்ட் வெளுக்காமல் இருந்தது. எல்லாக் கார்களிலும் ஓட்டுநர் இருக்கைதான் அமுங்கியிருக்கும். இதில் பக்கத்து இருக்கை குழிந்திருந்தது. ஒரே ஆள் வருடக்கணக்காக உட்கார்ந்த குழி. நான் உட்கார்ந்து பார்த்தேன், எனக்கும் சரியாக இருந்தது.

வாத்தியாரின் மனைவி கெட்டிக்காரத்தனமாகப் பேசி விற்கத் தெரியாதவர். "அவர் இருந்தவரைக்கும் ஒரு கீறல் விழலம்மா. கால் எப்பவும் பிரேக் மேலயேதான் இருக்கும். தூங்கும்போதுகூடச் சுவத்தை மிதிப்பார்" என்றார். என் மனைவி ஸ்டீயரிங்கைத் தடவிக்கொடுத்துவிட்டு, அப்படியென்றால் இது பத்திரமான வண்டி என்றாள். இருவரும் தண்ணீர் குடிக்க உள்ளே போனார்கள். நான் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைப் பார்த்தேன். அதற்கு அடியில் ஒரு சாக்குப்பை இருந்தது. டிரைவிங் ஸ்கூல் வண்டிகளில் வாத்தியார் பக்கம் தனியாக மாட்டியிருக்கும் பிரேக், கிளட்ச், அவற்றின் கேபிள். விற்பதற்காகக் கழற்றி, தூக்கிப்போட மனமில்லாமல் வைத்திருக்கிறார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஒரு பகலில் பிரேக்கை மட்டும் மாட்டினேன். கேபிள் வேலை எனக்குக் கைவந்தது. பெடலின் தண்டைக் குட்டையாக அறுத்து, அதன் தகட்டைத் தரையோடு படுக்க வைத்து, மேலே தடித்த ரப்பர் கால்மிதியைப் போட்டேன். நான் குதிகாலை ஊன்றி அழுத்தினால் அவள் பக்கத்துப் பிரேக்கும் சேர்ந்து இறங்கும். புதிதாக ஓட்டுகிறவளுக்கு ஒரு பாதுகாப்பு என்பது தவிர வேறு எண்ணம் அப்போது எனக்கு இல்லை. இருப்பது தெரிந்தால் அவள் கற்றுக்கொள்ளவே மாட்டாள் என்பதால்தான் சொல்லவில்லை.

முதலில் தேவையான இடத்தில்தான் மிதித்தேன். அவள் கண்ணுக்குப் படாமல் குறுக்கே வந்த சைக்கிள், பின்னோக்கி வந்த வேன். ஆனால் அவள் நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் தேறிவிட்டாள். ஒரு நாள் ஓட்டிக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்த காலத்தில் அவள் ஒரு நாளும் பாடியதில்லை. அன்று, நேரான சாலையில், முன்னும் பின்னும் ஈ காக்கை இல்லாத இடத்தில் மிதித்தேன்.

வண்டி குலுங்கி நின்றது. அவள் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் மிதிக்கலைங்க. தானா இறங்குது" என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்றேன்.

அதற்குப் பிறகு அடிக்கடி மிதித்தேன். மெக்கானிக்கிடம் போவதற்கு முன் கேபிளையும் தகட்டையும் கழற்றிவிடுவேன். அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, வண்டி தங்கம் மாதிரி இருக்கிறது, புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு அவர்கள் கால் அவர்கள் பேச்சைக் கேட்காது என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஆய்வகத்தில் அவள் கை நடுங்கத் தொடங்கியது. ஒரு கிழவருக்கு நரம்பு கிடைக்காமல் திரும்பத் திரும்பக் குத்திவிட்டதாகச் சொல்லி வீட்டுக்கு வந்து அழுதாள். எனக்கு மனசு தாங்கவில்லை. தலையைத் தடவிக்கொடுத்தேன். இன்னும் கொஞ்ச நாள்தான், சாவியை அவளே என் கையில் கொடுத்துவிடுவாள், பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

ஒரு மாலை, பள்ளிக்கூடம் விட்ட நேரம். நிறுத்தியிருந்த ஒரு வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் பெண் சாலைக்கு ஓடி வந்தாள். என் மனைவி பார்க்கவில்லை. நான் யோசிக்காமலே மிதித்தேன். பம்பருக்கும் அந்தப் பிள்ளைக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. பிள்ளை ஓடிப் போய்விட்டது. என் மனைவி இன்ஜினை அணைத்துவிட்டு, "தேங்க்ஸ் சார்" என்றாள்.

அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. குனிந்து பிரேக்கைப் பார்த்துத்தான் சொல்லியிருந்தாள். வீடு வந்து சேர்ந்ததும் விளக்கினாள். அந்த வாத்தியார்தான் மிதிக்கிறாராம். அவர் மனைவி சொன்னதை நினைத்துப் பார்த்தாளாம். இத்தனை நாள் காரணமில்லாமல் நின்ற இடத்திலெல்லாம் தனக்குத் தெரியாத ஏதோ ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும் என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் பயமே இல்லை. பேய்க்குப் பயந்து வண்டியை விற்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பேயை நம்பி வண்டி ஓட்டியவள் இவள்தான். சோளக்கொல்லைப் பொம்மையின் தலையில் குருவி கூடு கட்டியது போல ஆயிற்று.

அப்புறம் அவள் கை நடுங்கவில்லை. நான் காரணமில்லாமல் மிதித்தால், "எதுக்கு சார்?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியைப் பார்ப்பாள், கியரைப் பார்ப்பாள், தன் தப்பு ஒன்றைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்வாள். நான் கெடுக்க மிதித்ததெல்லாம் அவளுக்குப் பாடமாயிற்று. புறப்படுமுன், ஒவ்வொரு சந்திலும் திரும்புமுன், "போலாமா சார்?" என்று கேட்பாள். பிரேக் இறங்கவில்லை என்றால் அனுமதி என்று பொருள்.

அவரிடம் பேசவும் தொடங்கினாள். பிரியத்துக்குரிய நோயாளி ஒருத்தி இறந்துபோனது, மேலதிகாரி எரிந்து விழுந்தது, தனக்குச் சின்ன வயதில் ரயில் ஓட்ட ஆசை இருந்தது. ரயில் சங்கதி எனக்கே தெரியாது. அந்த மனிதரின் குழியில் நான் உட்கார்ந்திருந்தேன். என் கால்தான் அவருடைய கால். அவள் எனக்கு நன்றி சொன்னாள், என்னிடம் மனம் விட்டுப் பேசினாள், ஆனால் நான் அங்கே இல்லை. பொறாமை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பொறாமைதான்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். ஒரு முறை பாதி சொன்னேன். அப்படி யாரும் இல்லை, எல்லாம் உன் பிரமை என்றேன். அவள் குழந்தையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு அவரைத் தெரியாதுங்க" என்றாள். கால்மிதியைத் தூக்கிக் காட்டியிருந்தால் தெரிந்திருக்கும். காட்டியிருந்தால் அவளுக்கு அவரும் இருந்திருக்க மாட்டார், நானும் இருந்திருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை முதல் அவள் வேலைக்குத் தனியாகவே ஓட்டிப் போவதாக முடிவாயிற்று. அதற்கு முந்தைய மாலை, கடைசியாக ஒரு சுற்று என்று என்னைக் கூட்டிப் போனாள். "நாளையிலேர்ந்து நீங்க நிம்மதியா இருக்கலாம். எனக்குத்தான் சார் இருக்காரே" என்றாள். தனியாகப் போகிறவளுக்கு யார் மிதிப்பது? அவர் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அன்று எந்த இடத்திலும் மிதிப்பதில்லை என்று தீர்மானித்தேன். ஒரு சின்ன அதிர்ச்சி கிடைக்கும், அவளே புரிந்துகொள்வாள் என்பது என் கணக்கு. அவள் நன்மைக்குத்தான்.

எங்கள் தெரு பெரிய சாலையில் சேரும் இடம் உங்களுக்குத் தெரியும். கிடங்கின் மதில் பாதி சாலையை மறைத்துவிடும். வருகிற வண்டியைக் காட்ட எதிர்க் கம்பத்தில் ஒரு வளைவுக் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். மரக்கிளை மறைப்பதால் ஓட்டுகிறவர் இடத்திலிருந்து அது தெரியாது, பக்கத்து இருக்கையிலிருந்து தெரியும். அந்த முனையில் நான் எப்போதும் நேர்மையாகத்தான் மிதித்துவந்தேன். அதனால் அங்கே அவள் அவரை முழுதாக நம்பினாள். மதிலுக்கு அப்பால் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள்.

அன்றும் நிறுத்தினாள். பிரேக்கிலிருந்து காலை லேசாக எடுத்தாள். "போலாமா சார்?" என்றாள்.

கண்ணாடியில் லாரி தெரிந்தது. அவள் பக்கமாக வந்துகொண்டிருந்தது. என் பக்கமாக அல்ல, அதையும் பார்த்தேன். என் குதிகால் தகட்டின் மேல்தான் இருந்தது. ஒன்றும் பெரிய வேலை இல்லை, கொஞ்சம் எடையை இறக்கினால் போதும். அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள். அந்த முகத்தில் இருந்த நம்பிக்கையை என்னைப் பார்த்து அவள் ஒரு நாளும் காட்டியதில்லை. நான் காலைத் தூக்கிக்கொண்டேன். பிரேக் இறங்கவில்லை என்றதும், "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியை எடுத்தாள்.

லாரிக்காரர் மேல் குற்றமில்லை. அவர் ஹாரன் அடித்தார், பிரேக்கும் பிடித்தார். பாவம், இன்னும் அழுதுகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். எனக்குக் கை எலும்பு முறிந்ததோடு சரி.

இப்போது என் கால் என் பேச்சைக் கேட்பதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டை அது இரவெல்லாம் மிதித்துக்கொண்டிருந்ததாக நர்ஸ் சொன்னாள். வேலைக்குத் திரும்பிய அன்று லிப்டில் ஏறினேன். கதவு மூடுமுன் பக்கத்தில் யாரோ மெதுவாக, "போலாமா சார்?" என்று கேட்டார்கள். பெட்டியில் நான் மட்டும்தான். தரையை மிதித்தேன், மிதித்துக்கொண்டே இருந்தேன். கீழே காவலாளி வந்து கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். இந்த அறையிலும், நீங்கள் பேனாவை எடுக்கும்போதெல்லாம் கேட்கிறது. மேசைக்கு அடியில் சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுத வேண்டும். பக்கத்தில், முழங்கை இடிக்கும் தூரத்தில், அவள் புருஷன் நான் உட்கார்ந்திருந்தேன். அவள் அவரைத்தான் கேட்டாள். என்னைக் கேட்டிருந்தால், இரும்மா என்று சொல்லியிருப்பேன்.