எதிராக விழுந்த ஒரு சீட்டு

— நான் போட்டுவிட மாட்டேன். வேற யாரையாவது பாரு.

— வேற யாருப்பா இருக்கா? ஞாயித்துக்கிழமை பேராயர் என் தலைமேல கை வச்சு ஜெபிச்சு முடிச்சதும், வீட்டு ஆள் ஒருத்தர் வந்து ஸ்டோலை, ஆயருக்கான அந்த நீளப் பட்டையை, என் தோள்ல போடணும். அம்மா இல்ல. கூடப் பொறந்தது யாருமில்ல. நீங்கதான்.

— உங்க அத்தை இருக்காளே.

— அத்தையா! அவங்க பீடத்துக்கு வந்து சேர்றதுக்குள்ள வழியில நாலு பேரை நிறுத்தி நலம் விசாரிப்பாங்க. பேராயர் நின்னபடியே தூங்கிடுவாரு.

— சரி, அது ஒரு பக்கம் இருக்கட்டும். கையைத் தூக்கு. இன்னும் மேல. கக்கத்துல பிடிக்குதா?

— கொஞ்சம் பிடிக்குது. குண்டூசியை வாயில வச்சுக்கிட்டுப் பேசாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?

— நாப்பது வருஷமா பேசறேன், ஒண்ணுகூட உள்ள போகலை. அளவு சரியாத்தான் எடுத்தேன். ஆனா என்கிட்ட இருக்கிற பேட்டர்ன் எல்லாம் ஆம்பளை உடம்புக்கு வெட்டினது. எத்தனை ஆயருக்கு அங்கி தைச்சிருப்பேன்! தோள்லேருந்து நேரா கீழ இறக்கினா முடிஞ்சுது வேலை. உனக்கு அது தொளதொளன்னு நிக்குது. பிரிச்சு மறுபடி பிடிக்கறேன், கச்சாத் தையல்தானே.

— இந்தப் பேராயத்துலேயே முதல் பொம்பளை ஆயர்னா சும்மாவா? உங்க கத்தரிக்கோலே திணறுது பாருங்க.

— கத்தரிக்கோல் திணறலை. அசையாம நில்லு. பட்டன் எத்தனை வைக்கட்டும்? முப்பத்துமூணா, முப்பத்தொன்பதா?

— எதுக்கு எது?

— முப்பத்துமூணுன்னா ஆண்டவர் பூமியில இருந்த வயசு. முப்பத்தொன்பதுன்னா நம்ம சபையோட முப்பத்தொன்பது கோட்பாடு. முன்னாடி ஒரு பெரிய ஆயர் இருந்தாரு, எப்பவும் ஒரு பட்டனைப் போடாமலே விடுவாரு. கேட்டா, 'அந்தக் கோட்பாட்டுல எனக்கு இன்னும் சந்தேகம் தீரலை தையக்காரரே'ம்பாரு.

— எந்தப் பட்டன்?

— தொப்பைகிட்ட. சந்தேகமா, சாப்பாடான்னு நான் கேட்டுக்கலை.

— முப்பத்தொன்பதே வைங்கப்பா. இருபத்தொண்ணாவதை மட்டும் நல்லா அழுத்தித் தைங்க. பிஞ்சு விழக்கூடாது.

— அதுல என்ன?

— சபையோட பெரிய மன்றங்களும் தப்புப் பண்ணலாம், பண்ணியும் இருக்குன்னு சொல்ற கோட்பாடு அது. கூடறது மனுஷங்கதானே. இந்த வருஷம் மறுபடி ஓட்டெடுத்துச் சரின்னு சொல்ற வரைக்கும், ஏழு வருஷமா நான் அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன்... என்னப்பா, டேப்பைக் கீழ விட்டுட்டீங்க?

— கை வழுக்கிடுச்சு. இரு, நான் எடுத்துக்கறேன். நீ குனியாத, ஊசி குத்தும்.

— பொம்பளையும் ஆயராகலாம்ங்கற தீர்மானம், அன்னிக்குத் தோத்தது ஒரே ஒரு ஓட்டுலப்பா. பேராயர்கள் சரின்னாங்க. குருமார் சரின்னாங்க. நீங்க உக்காந்திருந்த சபையார் பகுதியில மட்டும் மூணுல ரெண்டு பங்குக்கு ஒரு ஓட்டு குறைஞ்சுது. என்கூட ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்ச பசங்க எல்லாம் அந்த வருஷமே ஆயராயிட்டாங்க. நான் ஆஸ்பத்திரியில உதவிகுருவாவே இருந்தேன். வேற யாரோ ஆசீர்வதிச்சு வச்ச அப்பத்தை வார்டு வார்டா தூக்கிட்டுப் போனேன். அம்மாவுக்கும் அதைத்தான் கொடுத்தேன்.

— தெரியும்.

— கடைசி மாசத்துல கேட்டாங்களே, ஞாபகம் இருக்கா? 'நீயே ஆசீர்வதிச்சு எப்போடி கொடுப்பே'ன்னு.

— தெரியும்னு சொல்றேன்ல. திரும்பு. முதுகைக் காட்டு.

— ஏன் கோபப்படறீங்க?

— கோபம் இல்ல. சரி, அது ஒரு பக்கம் இருக்கட்டும். ஹெட்மாஸ்டர் வீட்டுக்கு அழைப்பு போச்சா?

— போகலை.

— அவர் சம்சாரம் போன வாரம் கடைக்கு வந்திருந்தாங்க. பாவாடைக்கு நாடா மாத்தணும்னு சாக்கு. போகும்போது கேட்டாங்க, 'நாங்க ஞாயித்துக்கிழமை வரலாமா?'ன்னு.

— கோயில் எல்லாருக்கும் பொது. வர்றவங்களை நான் தடுக்க முடியுமா? ஆனா என் கையால அழைப்பு எழுத மாட்டேன். அந்த ஒருத்தர் பேரை மட்டும் என்னால எழுத முடியலை. எழுதிப் பார்த்தேன். கிழிச்சுப் போட்டேன்.

— ஒன்பது வயசுல உன்னைப் பீடத்துக்குப் பக்கத்துல நிறுத்தி வேதபாடம் வாசிக்க வச்சவர் அவர்தான்.

— அதனாலதான்ப்பா. வேற யாரு எதிரா ஓட்டுப் போட்டிருந்தாலும் பழமைவாதின்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். வாசிக்கக் கத்துக் கொடுத்த ஆளே வாயை மூடுன்னா?

— அவர் ஆராதனையில கடைசி பெஞ்சுல உக்காந்துக்கறாரு, கவனிச்சிருக்கியா? சமாதான வாழ்த்து சொல்ற நேரம் வரும்போது எழுந்து வெளிய போயிடறாரு. நீ கை கொடுக்காம நகர்ந்து போற மாதிரி ஆயிடக்கூடாதுன்னு.

— நல்லது. எனக்கும் சௌகரியம்.

— அப்படிச் சொல்லாத.

— ஏன், நீங்க எதுக்கு இப்போ அவருக்காகப் பரிஞ்சு பேசறீங்க? ஏழு வருஷத்துல ஒரு நாளும் அவர் பேச்சை எடுத்ததில்லையே.

— அங்கியைக் கழட்டு.

— இன்னும் கீழ்மடிப்பு குறிக்கலையே?

— அப்புறம் குறிக்கலாம். கழட்டி அந்த மேஜைமேல போடு. அதைப் போட்டுக்கிட்டு நீ நின்னா எனக்குப் பேச வரமாட்டேங்குது. உக்காரு. அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காரு.

— என்னாச்சுப்பா? உடம்புக்கு ஏதாவது?

— உடம்புக்கு ஒண்ணுமில்ல. போன ஞாயித்துக்கிழமை நீ பிரசங்கத்துல ஒரு பேராயர் கதை சொன்னியே.

— நம்ம சபையோட ஆரம்பக் கதையா? அது பிடிக்கலையா? இங்கிலாந்து ராஜா ரெண்டாம் கல்யாணம் பண்ணிக்கறதுக்காக உண்டான சபைன்னு எல்லாரும் கேலி பண்றாங்க, அதுவும் நடந்ததுதான், மறைக்க வேண்டாம்னு ஆரம்பிச்சேன். முன் பெஞ்சுல ரெண்டு பேருக்கு முகம் கறுத்துடுச்சு, பார்த்தேன்.

— அது இல்ல. அந்தப் பேராயர். ஜனங்க பேசற பாஷையிலேயே ஜெபத்தை எழுதிக் கொடுத்தாருன்னியே. அப்புறம் அரசி மாறினதும்...

— உயிருக்குப் பயந்து, நான் நம்பினது எல்லாம் தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. ஒரு தடவை இல்ல, பல தடவை. அப்படியும் அவரை விடலை. கடைசியில எரிக்கக் கொண்டுபோனப்போ, கையெழுத்துப் போட்ட வலது கையை முதல்ல நெருப்புல நீட்டினாரு. குத்தம் பண்ணினது இந்தக் கைதான், இதுதான் முதல்ல வேகணும்னு.

— நீ அதைச் சொன்னப்போ நான் என் வலது கையைத் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டேன்.

— ஏன்?

— யாராவது பார்த்துடுவாங்களோன்னு.

— அப்பா, புரியற மாதிரி சொல்லுங்க.

— நம்ம சபையில ஆயர்கிட்ட தனியா போய்ப் பாவ அறிக்கை பண்ணலாமாமே. நிஜமா?

— பண்ணலாம். பண்ணியே ஆகணும்னு கட்டாயம் இல்ல. ரொம்பப் பேர் எல்லாரோடயும் சேர்ந்து சொல்றதோட விட்டுடறாங்க.

— நானும் அப்படித்தான் விட்டேன். வாராவாரம் இருநூறு பேரோட சேர்ந்து சத்தமா சொன்னா, என்னோடதும் கும்பல்ல கரைஞ்சுடும்னு. கரையலை.

— அப்போ ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் வாங்க. அதுவரைக்கும் எனக்குப் பாவமன்னிப்பு சொல்ற அதிகாரம் கிடையாது. இல்லேன்னா வேற ஆயர்கிட்ட...

— அதனாலதான் இன்னிக்கே சொல்றேன். அதுக்கப்புறம் சொன்னா, நீ ஆயர். மன்னிப்பு சொல்லியே ஆகணும். இன்னிக்கு நீ என் பொண்ணு மட்டும்தான். உனக்கு எந்தக் கட்டாயமும் இல்ல.

— எனக்குப் பயமா இருக்கு. என்னன்னு சொல்லிடுங்க.

— அந்த ஒரு ஓட்டு என்னோடது.

— எந்த ஒரு ஓட்டு?

— தெரிஞ்சுக்கிட்டே கேக்காத, பாப்பா.

— நீங்க ஆதரவா போட்டேன்னு சொன்னீங்க. வீட்டுக்கு வந்து, கால்கூடக் கழுவாம, அம்மா முன்னாடி நின்னு சொன்னீங்களாம். நான் அன்னிக்கு ராத்திரி போன் பண்ணினப்போ நீங்க அழுதீங்க.

— அழுதது பொய் இல்ல.

— ஏன்ப்பா? பன்னெண்டு அப்போஸ்தலரும் ஆம்பளைங்கன்னு அந்தப் பழைய பல்லவியா? அதை நீங்க நம்பவே இல்லையே. உயிர்த்தெழுந்த சேதியை முதல்ல சொன்னது பொம்பளைங்கதானேன்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க?

— வேதத்துல காரணம் இருந்தா இவ்வளவு கூச்சம் எனக்கு இருக்காதே. நான் மண்டபத்துக்குள்ள போகும்போது ஆதரவாத்தான் போகணும்னு போனேன். சீட்டைக் கையில வாங்கினதும், நீ பீடத்துல நிக்கற மாதிரியும் நான் கீழ முட்டி போட்டுக் கையை நீட்டற மாதிரியும் ஒரு காட்சி வந்துது. இந்தக் கடையிலதானே நீ பத்து வயசுல, ஒரு ஆயருக்குத் தைச்சு வச்சிருந்த அங்கியைப் போட்டுக்கிட்டு அந்தக் கண்ணாடி முன்னாடி நின்னு ஆசீர்வாதம் சொன்னே? நான் ஓங்கி அறைஞ்சேனே. உன்னை அறைஞ்ச கையை உன் முன்னாடி ஏந்தணுமேன்னு இருந்துது. தகப்பன்ங்கற திமிரு. அவ்வளவுதான். வேற ஒண்ணுமே இல்ல.

— முட்டி போடறதுக்காகவா?

— ஒரு நிமிஷ வேலை, பாப்பா. ஒரு கோடு போடற நேரம். எப்படியும் தீர்மானம் ஜெயிச்சுடும், என் ஒரு சீட்டுல என்ன ஆகப்போகுதுன்னு நினைச்சேன். எண்ணி முடிச்சு, ஒண்ணு குறையுதுன்னு சொன்னாங்க. என் பக்கத்துல உக்காந்திருந்தவங்க எல்லாம் என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னாங்க.

— ஆறுதல் சொன்னாங்களா? உங்களுக்கா?

— பொண்ணைப் பெத்தவன் ஆச்சேன்னு.

— அம்மாவுக்குத் தெரியுமா?

— தெரியாது. கடைசி நாள் சொல்லிடலாம்னு பக்கத்துல உக்காந்தேன். 'அவளுக்கு நீங்க துணையா நின்னீங்க, அது போதும் எனக்கு'ன்னா. போர்வையை இழுத்து விட்டுட்டு எழுந்துட்டேன்.

— நான் ஆசீர்வதிச்ச ஒரு துண்டு அப்பம், அதைத்தான் கேட்டாங்க. வேற எதுவுமே கேக்கலை அவங்க.

— தெரியும்.

— 'தெரியும், தெரியும்'னு சொல்லாதீங்க!

— சரி.

— ஹெட்மாஸ்டர்தான்னு நான் நம்பினது உங்களுக்குத் தெரிஞ்சுதானே இருந்துது? நான் அவரைக் கண்டா தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனதைப் பார்த்தீங்கதானே?

— பார்த்தேன். ஊர்ல யாரோ கிளப்பிவிட்டிருக்காங்க, நீயும் நம்பிட்டேன்னு நினைச்சேன். நான் ஆமான்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. என் தலைக்கு வந்தது அவர் தலையில போய் உக்காந்துக்கிச்சு. எனக்கு வசதியா இருந்துது. அதுதான் எல்லாத்தையும்விடக் கேவலம். ஓட்டு ஒரு நிமிஷத்துத் தப்பு. இது ஏழு வருஷம், வாரம் தவறாம.

— அவருக்கு நீங்கதான்னு தெரியுமா?

— தெரியும்.

— எப்படி?

— என் பேனா எழுதலை. பக்கத்துல அவர்தான் இருந்தாரு. அவர் பேனாவை வாங்கித்தான் போட்டேன். சீட்டு என் முட்டிமேல இருந்துது. நிமிர்ந்தா, அவர் பார்த்துட்டாரு. பேனாவை வாங்கி மூடி போட்டு, பாக்கெட்ல சொருகிக்கிட்டாரு. இன்னிவரைக்கும் யார்கிட்டயும் வாய் திறக்கலை மனுஷன். ஊர் பேசின பேச்சையெல்லாம் தாங்கிக்கிட்டு எப்படித்தான் சும்மா இருந்தாரோ.

— ஊர் பேசலைப்பா.

— என்ன?

— ஊர்ல யாரும் எதுவும் கிளப்பலை. அன்னிக்குச் சாயங்காலமே ஹெட்மாஸ்டர் என் ஹாஸ்டல் வாசலுக்கு வந்தாரு. நனைஞ்ச குடையைக்கூட மடக்காம நின்னு, 'எதிரா போட்டது நான்தாம்மா, என்னை என்ன வேணும்னாலும் நினைச்சுக்கோ. உங்கப்பா உன் பக்கம்தான் நின்னாரு, அவரை மட்டும் விட்டுடாத'ன்னு அவர் வாயாலயே சொல்லிட்டுப் போனாரு.