இருபத்தாறு பக்கப் படிவம்

...இல்லக்கா, நான் கேக்குறேன், இருபத்தாறு பக்கத்த எவ உக்காந்து படிப்பா? வாடகைப் பத்திரத்தையே நாங்க கடைசி வரி பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுறோம்!

உக்காருங்க. ஐயோ, அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். சேந்தவங்க நிக்க மாட்டேங்குறாங்கன்னு இந்தச் சந்துல குழந்தைங்க ஆராய்ச்சிய மூடுறோம்னு வந்துட்டீங்க. எப்படி நிப்பாங்க? நீங்க வர்றது பகல் பதினொரு மணி. அப்ப எல்லாரும் ஊரார் வீட்டுல பாத்திரம் தேய்ச்சுக்கிட்டிருப்பாளுங்க. பூட்டத் தட்டிட்டு ‘ஒத்துழைப்பு இல்லை’ன்னு எழுதிக்குவீங்க. பூட்டு என்னத்தக்கா ஒத்துழைக்கும்?

அப்பறம் கேள்வி வேற! ‘நேத்து எத்தன வகை காய்கறி சாப்பிட்டீங்க?’ எதிர்வீட்டுக்காரி கௌரவமா ஏழுன்னா. நீங்க தெரு திரும்பல, எங்கிட்ட வந்து ரெண்டு வெங்காயம் குடுன்னு நிக்கிறா.

எம் பொண்ணு, இந்த எட்டு மாசக் குழந்தை மட்டுந்தான் மாசம் தவறாம உங்க எடை மிஷின்ல ஏறினா. ரெண்டு மாசமா அதே ஆறு கிலோ. எங்க மாமியார் ‘பல்லு வருது’ங்குறாங்க, அவரு ‘உன்ன மாதிரி ஒல்லி’ங்குறாரு. ‘அடுத்த தடவையும் எடை ஏறலன்னா எங்க டாக்டரே பாப்பாரு’ன்னு நீங்கதான சொன்னீங்க? அந்த அடுத்த தடவ இன்னைக்குத்தான?

என்ன... படிவத்த யாரு வாசிச்சுக் காட்டினதுன்னா?

ம்... நான்தான். கான்வென்ட்ல படிச்சவ இங்க வேற யாரு இருக்கா? தண்ணிக் குழாய்கிட்ட எல்லாரும் சுத்தி நின்னுக்கிட்டு ‘நீ படிம்மா’ன்னாங்க. வாசிப்புப் போட்டியில கப்பு வாங்கினவக்கா நான்! சிஸ்டர் சொல்லிக்குடுத்த மாதிரி நிறுத்தி, ஏத்தி இறக்கி... பத்தொன்பதாம் பக்கம்... ‘ஆய்வினால்... மரணம்... நேரிட்டால்...’

எல்லாப் படிவத்துலயும் அது இருக்கும்னு இப்பச் சொல்றீங்க. அப்ப எனக்கு யாரு சொன்னா? அடுத்த வரி, ‘காரணம் கூறாமல் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.’ அத ரெண்டு தடவ படிச்சேன். மறுநாளே, படிக்காமக் கையெழுத்துப் போட்டிருந்தவங்கள்ல பதினெட்டு பேர் விலகிட்டாங்க. ஒருத்தியாவது காரணம் சொல்லணுமே? மூச்! அவ்வளவு ஒழுங்கு!

நான் ஏன் விலகலன்னா... அந்தப் பத்தொன்பதாம் பக்கமும் பயந்தான். ஆனா அந்த ஆறு கிலோ அதவிடப் பயம்க்கா.

எங்க எந்திரிச்சிட்டீங்க? ஒரு வாரம் குடுங்க, வீடு வீடாப் போயி சிரிச்ச முகமா மறுபடி படிக்கிறேன். தலைய ஆட்டாதீங்க. மேலிடமாவது கீழிடமாவது! சரி, சந்து கெடக்கட்டும். தோள்ல மாட்டின அந்த மிஷின மட்டும் இறக்குங்க. இவள ஒரு தடவ போட்டுப் பாத்து, டாக்டருக்குச் சீட்டு எழுதிட்டுப் போங்க.

மாட்டீங்களா?

கத்துறதுன்னா கத்துங்க. யாரும் வர மாட்டாங்க. வேலைக்குப் போகாத ஒண்ணு ரெண்டு பேரும் உங்க சத்தம் கேட்டாலே உள்ள ஓடி ஒளியிறாளுங்க. புள்ளைக்குச் சட்டையக் கழட்டுறேன், நீங்க மிஷின வைங்க. கதவப் பாக்காதீங்க. தாழ்ப்பாள் போட்டுட்டேன்.