வெள்ளைச் சீட்டு

காலை வகுப்பில்தான் ஆட்கள் விழித்திருப்பார்கள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறு பேரில் நான்கு பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். அதனால் முக்கியமானவற்றைப் பதினோரு மணிக்குள் சொல்லி முடித்துவிடுவது என் வழக்கம். நீங்கள் விசாரிக்கிற விஷயத்தையும் பதினோரு மணிக்குள்தான் சொல்லிக் கொடுத்தேன். எல்லோரும் விழித்திருந்தார்கள்.

என் பெயர் ரகுபதி. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். 2003 ஏப்ரலில், மணலி சாலையிலுள்ள ஒரு கன்டெய்னர் யார்டு தன் புரோகிராமர்கள் ஆறு பேரை, எக்ஸ்எம்எல் என்ற ஃபைல் எழுதும் முறையைக் கற்க அனுப்பியது. அதுவரை கப்பல் ஏஜென்டுகள் கன்டெய்னர் பட்டியலை வெறும் எழுத்து வரிசையாக அனுப்பிவந்தார்கள். முதல் பதினோரு எழுத்து கன்டெய்னர் எண், அடுத்த முப்பது எழுத்து சரக்கின் பெயர் என்று எண்ணிப் படிக்க வேண்டும். எக்ஸ்எம்எல்லில் எண்ண வேண்டியதில்லை. ஒவ்வொரு தகவலுக்கும் முன்னும் பின்னும் அதன் பெயரைச் சொல்லும் டேக் இருக்கும். பெயரைப் பார்த்துப் படித்தால் போதும். இவ்வளவுதான். இதைப் புரியவைக்க எனக்கு இரண்டு முழு நாள் ஆனது. நீங்கள் தலையாட்டுகிறீர்கள். அவர்களும் அப்படித்தான் ஆட்டினார்கள்.

அவர்களில் ஒருத்தி ரமாபாய். வியாசர்பாடி வாரியக் குடியிருப்பு. ஒருவர் எங்கிருந்து வருகிறார் என்பதை நான் பார்ப்பதில்லை; நீங்கள் முகவரி கேட்டதால் சொல்கிறேன். யார்டில் டைப் அடிக்கச் சேர்ந்து, பக்கத்து மேசையைப் பார்த்தே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டவள். அப்படிக் கற்றவர்களிடம் ஒரு துணிச்சல் இருக்கும். எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதை அவர்களுக்கு எந்தப் பக்கத்து மேசையும் சொல்லித் தருவதில்லை.

மூன்றாம் நாள் போர்டில் ஓர் உதாரணம் எழுதினேன். ஒரு டேக்குக்குள் இன்னொன்றைத் திறந்தால், உள்ளே இருப்பதை முதலில் மூடிவிட்டுத்தான் வெளியே இருப்பதை மூட வேண்டும். கை மாறி, வெளியே இருப்பதை முதலில் மூடிவிட்டேன். எவருக்கும் நேரக்கூடியது. ரமாபாய் எழுந்து நிற்கக்கூட இல்லை.

“சார், மேல வச்ச பொட்டியத்தான மொதல்ல எறக்கணும்? நீங்க அடிப் பொட்டிய உருவிகினு கீறீங்க.”

பின் வரிசையிலிருந்து கமாலுதீன் என்பவன், “வுடும்மா, சாருக்கு கிரேன் ஓட்டத் தெரியாது,” என்றான்.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு போர்டைத் துடைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றேன். கீழே எண்ணூர்ப் பக்கம் ட்ரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. திரும்பியபோது யார் முகத்திலும் சிரிப்பு இல்லை.

அவளைத் தினமும் வண்டியில் கொண்டுவந்து விட்டது அவள் அண்ணன் வரதன். அதே யார்டில் கன்டெய்னரைத் திறந்து சரக்கு இறக்குகிறவன். ஐந்தாம் நாள் மாடியேறி வந்து என் மேசையில் ஒரு பொட்டலத்தை வைத்தான். காசிமேட்டில் வாங்கி வீட்டில் வறுத்த நெத்திலி. என் புத்தகத்தில் எண்ணெய்க் கறை பட்டது.

“சார், பாப்பா எழுதற புரோகிராம்தான் இனிமே சீட்டு அடிக்கப் போவுது. செவப்புச் சீட்டுன்னா கதவாண்ட போவ மாட்டோம். வெள்ளைன்னா உள்ள பூந்துடுவோம். கொஞ்சம் நல்லா சொல்லிக் குடு சார்.”

மரம், தானியம் போன்ற சரக்கில் பூச்சி விழாமலிருக்க, கன்டெய்னருக்குள் மருந்துப் புகையை அடைத்து அனுப்புவார்கள். மூச்சில் ஏறினால் அது ஆளையும் கொல்லும்; நிறம் கிடையாது, பெரும்பாலும் வாசனையும் கிடையாது. அப்படி வருகிறவற்றுக்குச் சிவப்புச் சீட்டு. அதற்கென்று உள்ள ஆட்கள் திறந்து, ஒரு நாள் காற்றாட விட்ட பிறகே மற்றவர் உள்ளே போகலாம். மிச்சமெல்லாம் வெள்ளை. இதையும் எனக்கு நின்றுகொண்டே பொறுமையாக விளக்கியவன் வரதன்தான். அவன் போனதும் நெத்திலியை டயர் கடை நாய்க்குப் போட்டேன்.

பதினோராம் நாள், சீட்டு அடிக்கும் புரோகிராமை ஆறு பேரும் எழுதிக் காட்ட வேண்டும். ஐந்து பேருடையதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ரமாபாய் எழுதியதில் நான் சொல்லிக்கொடுக்காத பன்னிரண்டு வரிகள் இருந்தன. முன்பின் தெரியாத டேக் ஒன்று ஃபைலில் வந்தால் புரோகிராம் அங்கேயே நின்றுவிடும். ஆள் வந்து பார்க்கும்வரை சீட்டு அடிக்காது.

அதுதான் சரி. அந்த யார்டுக்கு அதைத் தவிர வேறு வழியே கிடையாது. இரண்டு முறை படித்தேன். அவள் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். பிறகு பேனாவை எடுத்து அந்தப் பன்னிரண்டு வரிகளையும் குறுக்கே கோடு போட்டு அடித்தேன்.

தெரியாத டேக்கைத் தாண்டிப் போவதுதான் எக்ஸ்எம்எல்லின் அழகு என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். லாரியைக் கண்டால் மிரண்டு நிற்கிற மாடா உங்கள் புரோகிராம் என்று கேட்டேன். இந்த முறை என் பக்கம் சிரித்தார்கள். நான் சொன்னது பொய்யும் அல்ல. பல இடங்களில் அதுதான் முறை.

“தாண்டிப் போனா வெள்ளைச் சீட்டு அடிச்சிடும் சார்,” என்றாள்.

“பயப்படறவங்க இந்த வேலைக்கு வரக்கூடாதும்மா,” என்றேன்.

மார்க் போடாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். தேறாவிட்டால் பழையபடி டைப் அடிக்கப் போக வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். பத்து நிமிடத்தில் மாற்றி எழுதிக் கொண்டுவந்தாள். நூற்றுக்கு நூறு போட்டேன்.

அப்போது என் மேசை டிராயரில் ஏஜென்டுகளின் கடிதம் ஒன்று இருந்தது. ஜூன் முதல் தேதியிலிருந்து மருந்துப் புகை போட்ட கன்டெய்னரைக் குறிக்கப் புது டேக் வரும், பழையது வராது என்று அதில் இருந்தது. வகுப்பில் கொடுக்கச் சொல்லி யார்டு மேலாளர் ஆறு பிரதிகள் எடுத்து என்னிடம் அனுப்பியிருந்தார். ஆறும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. படிப்பதற்காக ஒன்றை மட்டும் முன்பே பிரித்திருந்தேன்.

ஜூன் ஒன்பதாம் தேதி மரப்பலகை ஏற்றி வந்த கன்டெய்னரின் புது டேக்கை ரமாபாயின் புரோகிராம் தாண்டிப் போய், வெள்ளைச் சீட்டு அடித்தது. கதவில் ஒட்டியிருந்த எச்சரிக்கைத் தாள் கடலிலேயே கிழிந்து போயிருந்ததாம். முதலில் உள்ளே போனது வரதன். அவனை இழுக்கப் போன, கூட வேலை செய்த ராசையா பிழைத்துக்கொண்டான் என்று கேள்விப்பட்டேன். வரதன் பிழைக்கவில்லை. எனக்குச் செய்தி சொன்னவர் டயர் கடைக்காரர். அன்று மாலை வகுப்பை நான் ரத்து செய்யவில்லை.

நான்கு மாதமாக என்னிடம் யாரும் வரவில்லை. நானும் வந்திருக்க மாட்டேன். போன வாரம் உங்கள் விசாரணை அறிக்கையின் பிரதி எங்கள் நிலையத்துக்கு வந்தது. ரமாபாயை வேலையிலிருந்து நீக்கியிருக்கிறார்கள். வழக்கும் அவள்மேல்தான் வரப்போகிறது. அந்தப் பன்னிரண்டு வரிகளை நான் அடித்ததை அவள் சொல்லியிருக்கிறாள். ஆனால் பழியை என்மேல் போடவில்லை. அவள் பேச்சைப் பேசியபடியே பதிந்திருக்கிறீர்கள்.

“சாரப் பேஜாரு பண்ணாதீங்க. அவருக்கு அதெல்லாம் தெரியாது, பாவம். தெரிஞ்ச மனுசன் அத அடிப்பாரா?”

அதன் கீழே உங்கள் துறை தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருக்கிறது. பயிற்றுநருக்குப் போதிய பாட அறிவு இல்லை.

நான் வந்தது அந்த வரிக்காகத்தான். மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று எழுதிவிடாதீர்கள். ஃபைலில் எந்த டேக் வரும் என்று எனக்குத் தெரியும். அவள் புரோகிராம் அதைத் தாண்டிப் போகும் என்று தெரியும். கதவைத் திறக்கப் போவது யார் என்றும் தெரியும். தெரிந்துதான் அடித்தேன். எந்தப் பிரிவில் வேண்டுமானாலும் வழக்குப் போடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. இதை நீங்களே நேரில் போய் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்கும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று, வந்து எனக்குச் சொல்லுங்கள்.