அப்பன் மிதிக்காத வாசல்

எங்கள் பக்கம் உறவுமுறை கேட்காமல் ஒரு டீ கூட ஊற்றித் தரமாட்டார்கள், சார். பங்காளியா, மாமன் மச்சானா என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு பேச்சே நகரும். அன்னூரில் நான் நடத்தும் திருமணத் தகவல் மையத்துக்கு அதுதான் சோறு போடுகிறது.

முறை சொல்வதற்கு, உதாரணங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் ஒரு சின்ன நியூரல் நெட்வொர்க் செய்திருந்தேன். என் பழைய லேப்டாப்பே அதற்குப் போதும். இன்னாருக்கு இன்னார் அக்கா, இன்னார் கொழுந்தன் என்று முந்நூறு குடும்பங்களின் உறவுகளைக் கொடுத்து அதைப் பழக்கினோம். கொஞ்ச நாளில், சொல்லித் தராத உறவையும் அதுவே சரியாகச் சொன்னது. ஆள் மாறினாலும் உறவின் போக்கு மாறாது என்பதைப் பிடித்துக்கொண்டது.

எல்லாவற்றையும் டைப் செய்தவள் புவனா. இரண்டு வருடம் என்னிடம் வேலை பார்த்தாள். தங்கமான பெண். "பேச்சு வார்த்தை இல்லாதவங்களையும் போடோணுங்ளாண்ணா?" என்று கேட்டாள். போடச் சொன்னேன். தன் குடும்பத்தையும் போட்டாள்.

போன ஆவணியில் வேறு சாதிப் பையன் சசிதரைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போனாள். அவள் அப்பா பாலுசாமி பத்து நாள் சொந்தக்காரர் வீடெல்லாம் தேடிவிட்டு என்னிடம் வந்தார். "புள்ளையக் கண்ணுல பாத்தாப் போதுமுங்க தம்பி. பேசிக் கூட்டிட்டு வந்துபோடறமுங்க" என்றார். பெற்ற மனம் பித்து அல்லவா. நம்பினேன்.

முன்பு இப்படிப் போன பதினொரு பெண்கள் எந்த உறவில் அடைக்கலம் தேடினார்கள் என்பதை எழுதி வைத்திருந்தேன். மையத்தில் எல்லாக் கதையும் வந்து விழும். அதையும் நெட்வொர்க்குக்குப் பழக்கிவிட்டு, புவனாவின் பெயரைக் கொடுத்தேன். தாராபுரத்துப் பழனாத்தாளைக் காட்டியது. பாலுசாமியின் அக்கா. மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் செய்யும் இணைச்சீர்ச் சடங்கைப் பாலுசாமி தன் கல்யாணத்தில் அக்காவுக்குத் தராமல் சித்தப்பா மகளுக்குக் கொடுத்துவிட்டார். இருபத்தாறு வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. அப்பன் மிதிக்காத வாசலுக்குத்தான் மகள்கள் போகிறார்கள். யாரும் சொல்லாமலே அது கண்டுபிடித்ததில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்கவில்லை.

முகவரியைப் பாலுசாமிக்கு ஃபோனில் சொன்னேன். வியாழக்கிழமை காலையில் அவரும் பங்காளிகளும் காரில் அங்கே போனார்கள். புவனாவும் சசிதரும் இறந்துபோனார்கள். குறுக்கே விழுந்த பழனாத்தாளுக்குக் கை ஒடிந்தது. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண்ணை நினைத்தால் இப்போதும் நெஞ்சு வலிக்கிறது. வேண்டுமானால் என் மனைவியைக் கேளுங்கள்.

நீங்கள் எடுத்துப்போன லேப்டாப்பில் அந்தப் பதினொரு பெண்களின் ஃபைல் இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கடைசியாக ஒரு தகவல் இருக்கும்: வீட்டார் கண்டுபிடித்த பிறகு அவள் என்ன ஆனாள் என்பது. நான்கு பெயருக்கு எதிரே 'உயிரோடு இல்லை' என்று நான்தான் டைப் செய்திருக்கிறேன். அந்தக் கடைசித் தகவலை மட்டும் எடுத்துவிட்டுத்தான் நெட்வொர்க்குக்குக் கொடுத்தேன். கேட்ட கேள்விக்கு அது தேவைப்படவில்லை.