முதல் தண்ணீர்

— கறி நாறிப்போச்சுன்னு சண்டைக்கு வந்தியா நைனா? ரஷீது செத்து நாப்பதாம் நாள் பாத்தியா ஓதி நேத்துதான் முடிஞ்சுது. நான் அவன் அக்கா, அஜீசுன்னிசா. இன்னாவா இருந்தாலும் என்னாண்ட சொல்லு.

— சண்டை இல்லம்மா. கறி நல்லாத்தான் இருக்கு. நான் ஜெயவேல். காலேஜ்ல பெரிய ஐயாவுக்குக் கீழ ஆராய்ச்சி செய்யறவன்.

— அட, நீதானா அது! மூணு வருசமா வெடிகாலைல சைக்கிள் ஏறினான்னா மொதல்ல உனுக்குத்தான் குடுத்துட்டு வருவான். இந்தப் பக்கமே நீ வந்ததில்லயே?

— இப்பக்கூட வந்திருக்க மாட்டேன். பாய் போனப்புறம் அதே சோதனையை ஒம்பது தடவை செஞ்சு பாத்துட்டேன். ஒம்பது தடவையும் மாறி வருது. தராசை மாத்தினேன், தண்ணிய மாத்தினேன். என் கைமேலயே சந்தேகம் வந்துடுச்சு. எல்லாத்தையும் நோட்டுல எழுதிவெச்சிருக்கேன். நான் சோதிக்காதது கறி ஒண்ணுதான்.

— அத்த வெச்சி இன்னாதான் செய்வ? கொழம்பா?

— கைய மடக்கினா புஜம் திரளுது இல்ல? அப்படி இழுக்கறதுக்குன்னு சதைக்குள்ள ஒரு சத்து இருக்கும்மா. மயோசின்னு பேரு. கறியை அரைச்சு முதல்ல வெறுந்தண்ணில அலசுவோம். அதுல வராது. அடுத்து உப்புத்தண்ணி ஊத்தினாத்தான் கரைஞ்சு வரும். ஜெர்மன்காரங்க புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு. அதைப் படிக்கறதுக்கே ரெண்டு வருஷம் சாயங்கால கிளாசுக்குப் போனேன்.

— சர்த்தான்.

— எங்களுக்கு மட்டும் முதல் தண்ணியிலயே வந்துது. மூணு வருஷமா. வெயில் நாட்டு ஆட்டுக்குச் சதையே வேற மாதிரின்னு எழுதினோம். அதைப் பெரிய ஐயா லண்டன் சபைல வாசிக்கப் போறாரு. இன்னிக்கு நாலு மணிக்குக் கப்பல். அவர் பேருக்குக் கீழ என் பேரும் இருக்கு. அங்க ஒத்துக்கிட்டா எனக்கும் போய்ப் படிக்க எடம் கிடைக்கும்.

— நல்லதுதானே! மூஞ்ச இன்னாத்துக்கு இப்டி வெச்சிகினு கீற?

— இப்ப புஸ்தகத்துல இருக்கறபடியேதான் வருதும்மா. முதல் தண்ணில ஒண்ணுமில்ல. ஆடு ஏதாவது மாறிச்சா?

— அதே ஆடு, அதே ஆட்டுத்தொட்டி. அறுக்கறது மட்டும் அவன் மவன் மஜீது.

— கட்டிக் குடுக்கறது?

— மின்னாடி நான். தம்பி மவுத்தானப்பறம் எனுக்குக் கை ஓடல. மஜீது அப்டியே இலைல சுத்திக் குடுத்துடறான். சோம்பேறி. உப்பு கூடப் போடறதில்ல.

— என்ன போடறதில்ல?

— உப்பு, நைனா. எண்ணூர் உப்பளத்து உப்பு. ரெண்டு கை அள்ளித் தேச்சு வெச்சா உள்ள இழுத்துக்கும். மேல பாத்தா தெரியாது.

— மூணு வருஷமுமா?

— ஒரு நாளு வுட்டதில்ல. துன்ற கறி, வெயில்ல வீணாப் பூடக்கூடாதில்ல?

— யார் தின்னறது?

— இன்னுமா உனுக்குத் தெரியாது? உங்க பெரிய ஐயாதான்! நெத்தி நெறைய பட்டை போடற மனுசன். வூட்ல கறின்னு வாயத் தொறக்க முடியுமா? அதான் ஆராய்ச்சின்னு பேரு வெச்சிகினாருன்னு ரஷீது சிரிப்பான். பாவம், நல்லாத் துன்னட்டும்னு தொடைக்கறியாப் பாத்துத் தள்ளுவான்.

— அப்ப எங்க முதல் தண்ணியே உப்புத்தண்ணிதானா…

— இன்னா, அப்டியே குந்திட்ட? தண்ணி தரட்டா?

— வேணாம்மா. ஒண்ணுமே தோணல. அழுகை கூட வரல.

— வராது. தம்பிய எடுத்துகினு வந்தப்ப நான் வெங்காயம் உரிச்சிகினு இருந்தேன். சேதி சொல்லிட்டாங்க. நான் பாட்டுக்கு மீதி வெங்காயத்தையும் உரிச்சிகினே இருந்தேன்.

— மணி என்னம்மா?

— பேசின் பிரிட்ஜாண்ட இப்பத்தான் ரெண்டு மணி சங்கு ஊதுச்சி.

— டிராம்ல போனா மூணுக்குள்ள துறைமுகம் போயிடலாம். ஐயாகிட்ட சொல்லிடறேன். என் எடம் போயிடும். போகட்டும். அங்க எவனாவது செஞ்சு பாத்துட்டு நாலு பேர் எதிர்ல கேட்டா அவர் தாங்கமாட்டாரு. நேர்மையான மனுஷன். "கறிக்கடைக்கெல்லாம் நீ போக வேணாம் ஜெயவேல், அது தானா வரும்"னு என்னை அவ்வளவு மரியாதையா வெச்சிருந்தாரு.

— இந்த உப்ப சொல்றதுக்கா வெயில்ல ஓடற?

— அவருக்குத் தெரியணும் இல்லம்மா?

— அவுருக்குத் தெரியுமே, நைனா. போன ரம்ஜானுக்கு மின்னாடி மோட்டார்ல வந்து எறங்கி, கறில உப்பு போடறீங்களான்னு கேட்டாரு. ஆமான்னேன். மோட்டார் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தாரு. அப்பால, "நிறுத்திடாதீங்க, ஜெயவேலுக்கு மட்டும் தெரிய வேணாம்"னு சொல்லிட்டுப் போனாரு. கறி துன்றது உனுக்குத் தெரிஞ்சிடும்னு வெக்கப்படறாருன்னு நாங்க நெனச்சோம்.